தம்பி கையில கயிறு. யார்கிட்ட பேசறதுன்னே தெரியல

#1 | பனங்காட்டு நிலா

ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போறவ. இன்னைக்குத்தான் முதல் தடவை எழுதறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

வயசு 22. சொந்த ஊர் வள்ளியூர் பக்கம், வேலை சென்னை துரைப்பாக்கத்துல. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தம்பி பதினொண்ணாவது படிக்கான். குளிச்சிட்டு வந்தவன் மணிக்கட்டுல ரெண்டு கலர் நூலை முறுக்கின கயிறு. என்னலேன்னு கேட்டா கோயில் கயிறுன்னான். எந்தக் கோயில்னு கேட்டேன். சிரிச்சான். ஜாதிக் கலர் கயிறுன்னு எனக்குத் தெரியாதா என்ன. பள்ளிக்கூட கேட்டுக்குள்ள போகையில முழங்கைக்கு மேல ஏத்தி சட்டைக்குள்ள மறைச்சிருவானாம். வெளிய வந்ததும் மணிக்கட்டுக்கு இறங்கிருமாம்.

"அறுத்துப்போட்டா என்னல ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. மத்தியானம் யாரு கூட உக்காந்து சாப்பிடன்னு தெரியாது, அவ்ளோதான்."

அம்மாகிட்ட சொன்னா, "எல்லாப் பயலுவளும் கட்டுதானுவ, இவன் மட்டும் தனியா நிக்கணுமாக்கும்"னு தோசையைத் திருப்பிப் போட்டாங்க. அப்பா பேப்பரை இறக்கவே இல்ல.

எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா அரை மணி நேரத்துல நாங்குநேரி. 2023 ஆகஸ்ட்ல அங்க ஜாதி வெறியில ஒரு பையனை வீடு புகுந்து வெட்டினாங்க, தடுக்க வந்த தங்கச்சியையும். வெட்டினதும் பள்ளிக்கூடப் பசங்கதான். அன்னைக்கு ராத்திரி எங்க அப்பா சாப்பிடாம திண்ணையில உக்காந்திருந்தார். அதே வீட்லதான் இப்ப கயிறு.

அடுத்தது குடும்ப வாட்ஸாப் குரூப். 64 பேர். 2025 ஜூலையில பாளையங்கோட்டையில ஒரு ஐடி பையனை, வேற ஜாதிப் பொண்ணோட பழகினான்னு வெட்டிக் கொன்னப்ப குரூப்ல ரெண்டு நாள் சத்தமே இல்ல. மூணாவது நாள் ஒரு சித்தப்பா, "பொண்ணைப் பெத்தவனுக்குத்தான் தெரியும் வலி"ன்னு போட்டார். 11 பேர் கும்பிடு போட்டாங்க. எண்ணிப் பாத்தேன். அதுல ரெண்டு பேர் ஸ்கூல் டீச்சர். நான் குரூப்பை விட்டு வெளிய வந்துட்டேன். மாமா போன் பண்ணி, "உன்னைப் படிக்க வச்சதே தப்பு"ன்னார். அவர் ஒண்ணும் படிக்க வைக்கல, அது வேற விஷயம்.

சரி, சென்னைக்கு வந்தா இதெல்லாம் இல்லன்னு நினைச்சா, ரூம்மேட் "உங்க ஊர்ப் பக்கம்னாலே அரிவாள்தானே"ன்னு சிரிக்கறா. இதே சென்னையில வாடகைக்கு வீடு தேடினப்ப மூணு ஓனர் நான்வெஜ் சமைப்பீங்களான்னு கேட்டாங்க. ஒருத்தர் நேராவே "நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேட்டுட்டார். எக்ஸ்ல இதைப் பத்தி நாலு வரி எழுதினேன். ஒரு கூட்டம் சங்கின்னுச்சு, இன்னொரு கூட்டம் இருநூறு ரூபா ஊபின்னுச்சு. ரெண்டு கூட்டமும் ஒத்துப்போன ஒரே கேள்வி, "மொதல்ல உன் ஜாதி என்னன்னு சொல்லு."

சலிச்சுப்போச்சு. 2019ல திருப்பத்தூர்ல ஒரு பெண் வக்கீல் ஜாதி மதம் அற்றவர்னு சான்றிதழ் வாங்கினாங்கல்ல, அதே மாதிரி நானும் வாங்கிரலாம்னு இருக்கேன். யாராச்சும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. தம்பியை என்ன பண்றதுன்னும் சொல்லுங்க.

#2 | வெட்டிப்பய

கத்தரிக்கோல் எடு, கயிறை வெட்டு. முடிஞ்சது. இதுக்கு இவ்ளோ பெரிய பதிவா?

#3 | சாக்பீஸ்

#2, கத்தரிக்கோலால் முடிகிற காரியமாக இருந்தால் நான் எப்போதோ முடித்திருப்பேன். தென்மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக 17 வருடம். மேசை டிராயர் நிறைய அறுத்த கயிறு சேர்ந்ததுதான் மிச்சம். திங்கட்கிழமை அறுத்தால் புதன்கிழமை புதுசு. கயிறு போனால் நெற்றியில் பொட்டு. பொட்டை அழிக்கச் சொன்னால் சைக்கிள் மட்கார்டில் பெயின்ட். அதையும் கேட்டால் பனியன் கலர். இதையெல்லாம் கண்டுபிடிக்கிற அறிவை வேதியியலில் காட்டினால் நான் நிம்மதியாக ரிடையர் ஆவேன்.

2019இல் பள்ளிக் கல்வி இயக்குநரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. கயிறு கட்டும் பள்ளிகளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுங்கள் என்று. நாங்கள் பட்டியல் போட ஆரம்பிப்பதற்குள், "அது எனக்குத் தெரியாமல் போனது, பழைய நிலையே தொடரும்" என்று அப்போதைய கல்வி அமைச்சரே சொல்லிவிட்டார். பையன்கள் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வகுப்புக்கே வந்தார்கள். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு போட்டார்கள். 2024 ஜூனில் 600 பக்கத்துக்கு மேல் அறிக்கை. எல்லாரும் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு டிவியில் சண்டை போட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது சின்னச் சின்ன விஷயங்கள்தான். வருகைப் பதிவேட்டில் ஜாதி விவரம் இருக்கக் கூடாது. உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் வைத்துப் பேசக் கூடாது. பெயரின் அகரவரிசைப்படி உட்கார வை. இந்த உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். "எஸ்சி பசங்க எல்லாம் எந்திரிங்க, ஃபாரம் வாங்கிக்கங்க" என்று எத்தனை வருடம் நாங்களே கூப்பிட்டிருக்கிறோம்! 40 பேர் பார்க்க 9 பேர் எழுந்து நிற்பார்கள். கயிறே தேவையில்லை. நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன், சர்வீஸில் சேர்ந்த புதிதில்.

நிலா, உங்கள் தம்பி சொன்ன மதியச் சாப்பாடு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. வகுப்பில் நான் இடம் மாற்றி உட்கார வைக்கலாம். வேப்பமரத்தடியில் யார் டிபன் பாக்ஸ் யார் பக்கத்தில் திறக்கிறது என்பதை எந்த அரசாணையும் மாற்றுவதில்லை.

#4 | உண்மை விளம்பி

பேசறதெல்லாம் சரி, ஒரு விஷயத்தை மட்டும் யாரும் பேச மாட்டீங்க. இட ஒதுக்கீடு இருக்கற வரைக்கும் ஜாதி இருக்கும். பள்ளிக்கூடத்துல சேரும்போதே சர்டிபிகேட் கேட்டுட்டு அப்புறம் கயிறு கட்டாதேன்னா எப்படி? 69 சதவீதம் குடுத்துட்டு ஜாதி ஒழியணும்னா நடக்குமா? கவர்மென்ட்டே ஜாதி பாக்குது.

#5 | சுக்குக்காப்பி

வந்துட்டாருய்யா. தமிழ்ல எந்த இழையா இருந்தாலும் நாலாவது பதிலுக்குள்ள இது வந்துரும். உளுந்தவடை செய்முறை இழையிலகூட வந்திருக்கு.

#6 | டபுள் விசில்

நான் கொஞ்சம் வயசானவன். 1983ல கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்துல கண்டக்டராச் சேந்தேன். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு அந்தப் பேரே தெரியாது. அப்ப ஒவ்வொரு பக்கத்து வண்டிக்கும் ஒவ்வொரு பேரு. சேரன், சோழன், பாண்டியன், நேசமணி. எங்க பக்கம் கட்டபொம்மன். பின்னால மாவட்டத்துக்கே நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்னு பேரு வந்துச்சு.

1997ல விருதுநகரைத் தலைமையா வச்சு புதுசா ஒரு கழகம் ஆரம்பிச்சு அதுக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரு வச்சாவ. சுந்தரலிங்கம் யாரு? கட்டபொம்மனோட தளபதி. தேவேந்திரர்கள் கொண்டாடுற வீரன். கட்டபொம்மன் பேரு போட்ட வண்டியில அத்தனை வருஷம் ஏறி எறங்கின ஆளுக, அவரோட தளபதி பேரு போட்ட வண்டியில ஏற மாட்டோம்னுட்டாவ. கல்லெறி, வெட்டு, குத்து, ரெண்டு பக்கமும் சாவு. என் வண்டியிலயே ரெண்டு நாளு முன்கண்ணாடி இல்லாம ஓட்டினோம். டிரைவர் அண்ணாச்சி தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, காத்து மூஞ்சியில அறைய அறைய ஓட்டினாரு.

கடைசியில கவர்மென்ட் ஒரே முடிவா, எந்தத் தலைவர் பேரும் வேண்டாம்னு எல்லாக் கழகத்துல இருந்தும் எல்லா மாவட்டத்துல இருந்தும் பேரை எடுத்துட்டாவ. டிப்போவுல பெயின்டர் வந்து கட்டபொம்மன் மேல பெயின்ட் அடிச்சாரு. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு கோட்டுக்கு அப்புறமும் 'ம்' மட்டும் லேசாத் தெரிஞ்சுது. மூணாவது கோட்டு அடிச்சாரு.

அந்தத் தம்பி கயிறைப் பத்திப் படிச்சதும் எனக்கு அந்த 'ம்'தான் ஞாபகம் வந்துச்சு.

#7 | நெறியாளர்

நல்ல இழை, கெடுத்துவிட வேண்டாம். குறிப்பிட்ட ஜாதிப் பெயர்களைச் சொல்லிப் பேசுவதைத் தவிர்க்கவும். #6இல் வரலாற்றுக் குறிப்பு என்பதால் விட்டுவைக்கிறேன்.

#8 | கருவேலம்

நெறியாளருக்கு: பேர் சொல்லாம எப்படிங்க பேசறது? எங்க வலிக்குதுன்னு சொல்லாம மாத்திரை கேக்கற மாதிரி இருக்கு. பேர் சொல்லாம இருக்கறதால யாருக்கு லாபம்னு ஒரு நிமிஷம் யோசிங்க. நான் சொல்லிடறேன். நான் எஸ்சி. பொட்டல் காட்டுல வளர்ந்து இப்ப கோயம்புத்தூர்ல வங்கியில வேலை.

#4க்கு: 69ஐப் பிரிச்சுப் பாத்திருக்கீங்களா? பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, எஸ்சிக்கு 18, எஸ்டிக்கு 1. தமிழ்நாட்டுல இட ஒதுக்கீட்டைத் திட்டற பத்துப் பேர்ல முக்கால்வாசிப் பேர் சட்டைப்பையில அந்த 50க்கான சர்டிபிகேட் இருக்கும். அது ஜாதி இல்ல, எங்க கையில இருக்கறது மட்டும் ஜாதி. 2022 டிசம்பர்ல வேங்கைவயல்ல குடிதண்ணித் தொட்டியில மலம் கிடந்துச்சு. விசாரிக்கப் போன கலெக்டர் பக்கத்து டீக்கடையில ரெட்டை டம்ளரைக் கண்டுபிடிச்சாங்க. அந்த டம்ளரை எந்த கோட்டாவுல வச்சாங்க?

இப்ப நிலாவுக்கு. உங்க மேல கோபம் இல்ல. ஆனா உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன், ரெண்டு இடத்துல நின்னுட்டேன்.

ஒண்ணு, அந்தச் சான்றிதழ். நீங்க வாங்கலாம், வாங்கினா பேப்பர்ல போட்டோ வரும். நான் வாங்கினா என் மகளோட காலேஜ் சீட் போயிடும், ஊர்ல என் வீடு இருக்கற தெரு அதே தெருவாத்தான் இருக்கும். ஜாதியைக் கழட்டி வைக்கறதுக்கும் ஒரு வசதி வேணும்.

ரெண்டு, உங்க அப்பா. நாங்குநேரி அன்னைக்கு சாப்பிடாம உக்காந்திருந்தார்னு எழுதியிருந்தீங்க. நம்பறேன். அதுக்கப்புறம் அவர் யார்கிட்டயாவது ஏதாவது பேசினாரா? ஒரு ஆள்கிட்டயாவது? டீக்கடையில, அந்த 64 பேர் குரூப்ல?

குரூப்பை விட்டு வெளிய வந்ததும் அப்படித்தான். உங்களுக்கு நிம்மதி. உள்ள 63 பேர். சித்தப்பாவுக்குக் கும்பிடு போடாதவங்கன்னு யாராவது இருந்திருந்தா, அவங்களுக்கு இருந்த ஒரு ஆளும் போயாச்சு.

#9 | உண்மை விளம்பி

நான் பொதுவாத்தான் சொன்னேன். உடனே டம்ளர், தண்ணித்தொட்டின்னு உணர்ச்சிவசப்பட்டா விவாதம் பண்ண முடியாது.

#10 | வெட்டிப்பய

#9, நீங்க 30ஆ 20ஆ? அதைச் சொல்லிட்டுப் போங்க.

#11 | மேலூர் வக்கீல்

சான்றிதழ் பற்றிக் கேட்டதால் சுருக்கமாக. பள்ளிச் சான்றிதழில் ஜாதி, மதம் இடத்தைக் காலியாக விட 1973லேயே அரசாணை உண்டு, 2000இல் மறுபடியும் ஒன்று வந்தது. பல தலைமை ஆசிரியர்களுக்கே தெரியாது, அரசாணை நகலோடு போங்கள். தனியாக 'ஜாதி, மதம் அற்றவர்' சான்றிதழுக்குத் தாசில்தாரிடம் போனால் அலைய விடுவார்கள். விடாமல் போனால் கிடைக்கலாம். ஆனால் வாங்கிய பிறகு இட ஒதுக்கீட்டு உரிமை கோர முடியாது. கருவேலம் சொன்னது சட்டப்படியும் சரி.

தம்பி விஷயத்தில் நான் பயப்படுவது வேறு. பள்ளிக்கூடச் சண்டை என்று ஆரம்பிக்கும். ஏதாவது ஒன்று நடந்தால் அந்த இடத்தில் கையில் கயிற்றோடு நின்ற எல்லாப் பையன்கள் பெயரும் எஃப்ஐஆரில் ஏறும். அடிச்சவன், தடுத்தவன், வேடிக்கை பார்த்தவன் என்று அந்த நேரத்தில் யாரும் பிரிக்க மாட்டார்கள். 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடையாது. 16 வயதில் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு ஏறி இறங்கிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டச் சொன்ன பெரிய மனிதர் ஒருவரும் அந்த வராண்டாவில் வந்து நின்றதில்லை.

#12 | சுக்குக்காப்பி

நிலா, குரூப் விஷயத்துல எனக்கு கருவேலம் சொன்னது உறுத்துது. நானும் போன வருஷம் எங்க குரூப்ல இருந்து வெளிய வந்தவதான். காரணம் ஜாதி இல்ல, மதம். பக்ரீதுக்கு ஒரு பெரியப்பா போட்ட வீடியோ. வெளிய வந்து ரெண்டு மாசம் கழிச்சு சின்ன அத்தை தனியா மெசேஜ் பண்ணாங்க: "நீ இருந்தப்ப எனக்கும் கொஞ்சம் தைரியமா இருந்துச்சும்மா." அவங்க அந்த குரூப்ல ஒரு வார்த்தை எழுதி நான் பாத்ததே இல்ல.

திரும்பச் சேரலாம்னா அட்மின் அதே பெரியப்பா!

#13 | பனங்காட்டு நிலா

மன்னிக்கணும், பத்து நாளா வரல. உண்மையைச் சொன்னா #8ஐப் படிச்சதும் கோபம் வந்துச்சு. மனசு விட்டு எழுதினா என்னையே குறுக்கு விசாரணை பண்றாங்களேன்னு. பதில் எழுத ஆரம்பிச்சு மூணு தடவை அழிச்சேன். "எங்க அப்பா நல்லவர்"ங்கறதுக்கு மேல அதுல ஒண்ணுமே இல்ல.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போன் பண்ணி அப்பாகிட்ட நேராவே கேட்டேன். அன்னைக்குச் சாப்பிடாம உக்காந்திருந்தீங்களே, யார்கிட்டயாவது பேசினீங்களாப்பான்னு. "என்னத்தப் பேச"ன்னார். வைக்கப் போனவர்கிட்ட, சும்மாதான், டபுள் விசில் ஐயா எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். அந்தக் கண்ணாடி இல்லாத பஸ், தலையில துண்டு, பெயின்ட் எல்லாம்.

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சுன்னு நினைச்சேன். அப்புறம் சொன்னார். அப்ப அவருக்கு இருபது வயசாம். ஊர் விலக்குல, அதான் மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குப் பிரியற இடத்துல, பஸ்ஸை மறிச்ச கூட்டத்துல அவரும் நின்னாராம். "நான் எறியலம்மா. நின்னேன்." கொஞ்சம் விட்டு, "கையில கல்லு இருந்துச்சு"ன்னார்.

எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. 22 வருஷமா எனக்குத் தெரிஞ்ச அப்பா தெருநாயை விரட்டக்கூடக் கல்லெடுக்காதவர். ஏன் எறியலன்னு கேட்டேன். முன்சீட்டுல அவருக்கு அஞ்சாவதுல பாடம் எடுத்த டீச்சர் உக்காந்திருந்தாங்களாம். அவங்க இவரைப் பாத்துட்டாங்களாம். அவ்ளோதான். வேற பெரிய காரணம் எதுவும் இல்ல.

அதைத் தம்பிகிட்ட சொன்னீங்களான்னு கேட்டேன். இல்லன்னார். சொல்லுங்கன்னேன். சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.

புதன்கிழமை தம்பி அவனாவே மெசேஜ் பண்ணான். "அப்பா என்னமோ பஸ் கதை சொல்லுதாரு, நீ சொல்லிக் குடுத்தியா?"ன்னு. கயிறு இருக்காலன்னு கேட்டேன். இருக்குன்னான். வக்கீல் சார் எழுதினதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். நீல டிக் வந்துச்சு, பதில் வரல.

சான்றிதழ் யோசனையை இப்போதைக்கு விட்டுட்டேன். குரூப்ல திரும்பச் சேத்து விடச் சொல்லி மாமாகிட்ட கேட்டிருக்கேன். "புத்தி வந்துச்சா"ன்னு கேட்டார். ஆமா மாமான்னேன்.

#14 | கருவேலம்

கல்லு இருந்துச்சுன்னு சொன்னாரே, அதைச் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இல்ல. நின்னேன்ங்கறதோட நிறுத்தியிருக்கலாம்.

குரூப்ல சேந்ததும் முதல் நாளே சண்டை போடாதீங்க. காலை வணக்கம் போட்டு வையுங்க கொஞ்ச நாள்.

#15 | சாக்பீஸ்

தம்பி எந்த குரூப் என்று கேட்டுச் சொல்லுங்கள். கணக்கு–உயிரியலா, காமர்ஸா? ஆய்வகத்தில் ரெண்டு ரெண்டு பேராகத்தான் செய்முறைக்கு நிறுத்துவோம். ஒரு வருடம் ஒரே பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் மதியம் ஒன்றாகச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் அல்ல. சில ஜோடிகள். அவன் ஆசிரியரிடம் வீட்டிலிருந்து யாராவது ஒருமுறை போய்ப் பேசலாம்.

#16 | டபுள் விசில்

நிலாம்மா, அப்பாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. அது எந்த விலக்கு? காலையிலயா, சாயங்காலமா? நான் அந்த வாரம் பூராவும் உங்க பக்கத்துத் தடத்துலதான் டியூட்டி. முன்சீட்டுல ஒரு டீச்சரம்மா இருந்தாவ, கண்ணாடி உடைஞ்சப்ப நெத்தியில சில்லு பட்டுச்சு, நான்தான் துண்டைக் குடுத்தேன். அதே வண்டியான்னு தெரியல. அந்தக் காலத்துல எல்லா வண்டியிலயும் முன்சீட்டுல ஒரு டீச்சரம்மா இருப்பாவ.

#17 | பனங்காட்டு நிலா

கேட்டேன் ஐயா. சாயங்காலம்னார். விலக்கு பேரைச் சொல்ல மாட்டேங்கறார். டீச்சருக்கு அடிபட்டுச்சான்னு மட்டும் திரும்பத் திரும்பக் கேக்கறார்.